ஃபுளூரின், இரண்டாம் பாடவேளை

போன மாதம் பயிற்சி கொடுக்க வந்தவர்
விரிவுரையால் பயனில்லை என்பதை
மூன்று மணி நேரம் விரிவுரைத்தார்.
தொண்ணூற்றாறு ஸ்லைடுகள்.
நாங்கள் குறிப்பெடுத்தோம்.
பின்வரிசையில் தாவரவியல் தூங்கியது,
வணிகவியல் விடைத்தாள் திருத்தியது.
மதியம் தக்காளி சாதம்.

அவர் சொன்னதில் தப்பில்லை.
நான் மணிக்கணக்கில் கூலி வாங்கும்
கௌரவ விரிவுரையாளன்.
விரிவுரை வகுப்பில் உண்டு,
கௌரவம் பெயரோடு சரி.

“அணு எண் எட்டு, மன்னிக்கவும், ஒன்பது” என்றேன் ஒருநாள்.
தேர்வில் பதினேழு பேர் எட்டு என்றார்கள்,
முப்பதுக்கு மேல் ஒன்பது.
ஒரு தாளில் மட்டும் முத்துமுத்தான கையெழுத்தில்
“எட்டு மன்னிக்கவும் ஒன்பது.”
முழு மதிப்பெண் போட்டேன்.
நான் பேசியதை முழுதாகக் கேட்டவள்
அவள் ஒருத்திதானே.

தருமபுரியில் மார்ச் வெயில்
பத்து மணிக்கே அஸ்பெஸ்டாஸில் இறங்கிவிடும்.
அறுபத்திரண்டு பேர்.
இரண்டு மின்விசிறி, ஒன்று சுற்றும்.
பலகையைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு போனேன்.
ஹாலஜன்களில் முதலாவது.
எலக்ட்ரானுக்கு இதுபோல் அலையும் தனிமம் வேறில்லை.
தனியாக இருக்கத் தெரியாது.
பாறையில் இருக்கும், பாறையை நனைத்த நீரிலும் இருக்கும்.
லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் தாண்டினால்
வளரும் பிள்ளைகளின் பல்லில்
பழுப்புக் கோடு விழும்.
ஐந்து மதிப்பெண் கேள்வி,
அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கேல் வைக்கும் சத்தம் வரவில்லை.
திரும்பினேன்.

நான்கைந்து கைகள்
வாய்க்குப் போய்க்கொண்டிருந்தன.
அப்புறம் இன்னும் சில.
சிரிக்கும்போது இந்தப் பிள்ளைகள் வாய் பொத்துவதை
மூன்று வருடமாக
மரியாதை என்று நினைத்திருந்தேன்.

மாதேஷ் மட்டும் பொத்தவில்லை.
ஓசூரில் இரவு ஷிஃப்ட் முடித்து
முதல் பஸ்ஸில் வந்தவன்,
பெஞ்சில் தலைசாய்த்து வாய் திறந்து தூங்கினான்.
நான் பலகையில் எழுதியது
அவன் முன்பற்கள் நான்கிலும் இருந்தது.

தஞ்சாவூர் ஆற்றுத் தண்ணீரில்
முளைத்த பற்கள் என்னுடையவை.
வாயை மூடிக்கொண்டேன்.

எட்டு மன்னிக்கவும் ஒன்பது எழுதிய
சௌடேஸ்வரி எழுந்தாள்.
“ஆழமாப் போனா ஜாஸ்தியாகுமா சார்?
எங்க போர் எழுநூத்தி இருவது அடி.”
“எங்களுது தொள்ளாயிரம்.”
“எங்களுக்கு ஒகேனக்கல் தண்ணி வருது,
வாரத்துல ரெண்டு நாளு.”
“மீதி அஞ்சு நாளு?”
“மீதி அஞ்சு நாளு போருதான்.”
“எங்கக்காவப் பொண்ணு பாக்க வந்தவங்க
சிரிக்கச் சொன்னாங்க சார்.”
இதற்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

மணி அடிக்கும்வரை பதினோரு நிமிடம்
நான் பேசவே இல்லை.
பிறகு பதிவேட்டில் எழுதினேன்.
தலைப்பு: ஃபுளூரின்.
முறை: விரிவுரை.
பேசியவர் யார் என்று கேட்கும் கட்டம்
அதில் கிடையாது.

மறுநாள் மேஜைமேல் பாட்டில்கள்.
குளிர்பானப் பாட்டில், இருமல் மருந்துப் பாட்டில்,
மூடி இல்லாத ஒன்றுக்குப் பாலித்தீன் கட்டி.
ஒரு சில்வர் தூக்கு.
ஸ்கெட்ச் பேனாவில் ஊர்ப் பெயர்கள்:
இண்டூர், பாப்பாரப்பட்டி, பெல்ரம்பட்டி.
தூங்கியவனுக்கு யார் சொன்னார்களோ,
மாதேஷும் ஒன்று கொண்டுவந்திருந்தான்.
“பாத்துச் சொல்லுங்க சார்.”

சோதிக்கும் சாயம்
இரண்டு வருடமாக இண்டெண்டில் இருக்கிறது.
அதைச் சொன்னேன்.
பாட்டிலை யாரும் திரும்ப எடுக்கவில்லை.
சாக்பீஸை எடுத்தேன்,
வைத்தேன்,
எடுத்தேன்.

பாடத்திட்டப்படி
இன்று குளோரின்.